சொல்தா வீட்டு நவம்பர்

புதுச்சேரியில் நவம்பர், மழையும் மாலையும் சேர்ந்து வரும் மாதம். மழை வானத்திலிருந்து வருகிறது, மாலை அரசாங்கத்திலிருந்து. முதல் தேதி விடுதலை நாள். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்ததற்காகக் கடற்கரைச் சாலையில் கொடியேற்றம், அணிவகுப்பு, மிட்டாய். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறையில் சுண்ணாம்பும் சாமந்தியும் மெழுகுவத்தியும். பதினோராம் தேதி மறுபடி அதே கடற்கரைச் சாலை. இந்த முறை, அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்காகச் சண்டை போட்டுச் செத்த நம் ஊர்க்காரர்களுக்கு மலர்வளையம். பிரெஞ்சுக்காரன் போனதற்கு மிட்டாய், அவனுக்காகச் செத்ததற்கு மலர். நடுவில் பத்தே நாள். இரண்டுக்கும் அதிகாரிகள் அதே இஸ்திரி கலையாத சட்டையில் வருகிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது முரண்பாடாகப் படும். எங்களுக்குப் படுவதில்லை. நாட்டுக்கு 1947-இல் கிடைத்தது எங்களுக்கு 1954-இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் கிடைத்தது. தவணையில் சுதந்திரம் வாங்கியவர்கள் நாங்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்வோம்.

பதினோராம் தேதிக்குக் காரணம் 1918. அன்று காலை பதினோரு மணிக்கு ஐரோப்பாவில் முதல் உலகப் போரின் பீரங்கிகள் ஓய்ந்தன. ஒன்பது நாள் கழித்து, பத்து வருடமாக இந்த ஊரில் ஒதுங்கியிருந்த பாரதி பிரிட்டிஷ் எல்லைக்குள் போனார். கடலூர் அருகே பிடித்து உள்ளே வைத்தார்கள். உலகத்துக்குச் சமாதானம் வந்த கையோடு பாரதிக்குச் சிறை வந்தது. இதை எந்த நவம்பர் 11 உரையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய இடமும் அதுவல்லதான்.

உப்பளத்தில் எங்கள் வீட்டுக்குச் 'சொல்தா வீடு' என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவரை இந்த ஊர் சொல்தா என்று அழைக்கும். தாத்தா அப்படித் திரும்பியவர். முப்பதுகளில் கப்பலேறி, சைகோனில் இறங்கி, அங்கேயே ஜப்பான்காரனிடம் மாட்டி, பிழைத்து, மறுபடி அங்கேயே இன்னொரு சண்டையையும் பார்த்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். ஆக, அவர் பெயர் கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தில் இல்லை. சின்ன வயதில் நான் இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொண்டு ஆயாவிடம் கேட்டேன்.

"கல்லுல பேரு வேணும்னா செத்திருக்கணும்டா. இவரு பென்ஷன் வாங்கணும்னு திரும்பி வந்துட்டாரு" என்றாள் ஆயா, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு நவம்பர், பிஸ்கட் டப்பாவில் தொடங்கும். பதக்கங்கள் அதில்தான் இருந்தன. ஆயா பரணிலிருந்து அதை இறக்கி, முற்றத்தில் உட்கார்ந்து, குத்துவிளக்கு துலக்குகிற அதே புளி, அதே அடுப்புச் சாம்பல், அதே தேங்காய் நாரால் தேய்ப்பாள். மஞ்சளும் பச்சையும் கலந்த நாடாவில் தொங்குவது இந்தோசீனப் பதக்கம். சிலுவை வடிவில், குறுக்கே இரண்டு வாளும் நடுவே தொப்பி போட்ட ஒரு பெண் முகமுமாக இருப்பது வீரத்துக்குக் கொடுப்பது. அந்தப் பெண் பிரெஞ்சுக் குடியரசு என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெருவில் பலருக்கும் அவள் யாரோ ஒரு அர்ச்சிஷ்டவள். பக்கத்து வீட்டு அக்கா பரீட்சைக்குப் போகும்போது அவளை முத்தி செய்துவிட்டுத்தான் போவாள். வருஷா வருஷம் புளி பட்டதில் குடியரசுக்கு முதலில் மூக்குப் போனது, பிறகு வாய். தாத்தா ஒருமுறை அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப நம்ம ஊரு மூஞ்சி வந்துடுச்சி" என்று திருப்பிக் கொடுத்தார்.

எதற்குக் கிடைத்தது என்று கேட்டால், "குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

பதினோராம் தேதி காலையில் கோட்டு. நெஃப்தலின் உருண்டை வாசனை தெருமுனை வரை போகும். மழையில் குடையோடு கடற்கரைக்கு நடப்போம். நினைவுச் சின்னத்தின் இரும்புக் கதவு அன்றைக்குத் திறந்திருக்கும். உள்ளே தாத்தா மாதிரியே கோட்டும் பதக்கமுமாக ஒரு வரிசை. ஊதுகொம்பு, மௌனம், இரண்டு தேசிய கீதம். முதல் பாட்டுக்கு விறைப்பாக நின்று வாய்விட்டுப் பாடுவார்கள். இரண்டாவது பாட்டுக்கும் அதே விறைப்பு, வாய் மட்டும் கொஞ்சம் மெதுவாக அசையும். எங்களுக்கு இரண்டாவதுதான் தெரியும். ஆக தாத்தாவும் பேரனும் சேர்ந்தால் ஒரு முழு நிகழ்ச்சி தேறும்.

ஜூலை 14 இதைவிடக் கலகலப்பு. அதற்கு முந்தின நாள் ராத்திரி விளக்கு ஊர்வலம், மறுநாள் அணிவகுப்பு, அப்புறம் பெரியவர்களுக்குப் பானம், எங்களுக்குக் கேக். ஜூலை 14-க்கு வருகிற கூட்டம் நவம்பர் 11-க்கு வராது. செத்தவர்கள் பேரில் கேக் கொடுக்கும் வழக்கம் பிரெஞ்சுக்காரர்களிடம் இல்லை. கருமாதிக்கு வடை பாயசம் போட்டு அனுப்புகிற நம்மிடம் அவர்கள் கற்றுக்கொண்டிருக்கலாம்.

இதெல்லாம் வீட்டுக்குள்ளும் கதவு திறந்த கம்பிக்குள்ளும்தான். ஊருக்குள் சொல்தா என்றால் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு ஆகஸ்ட் 15-க்கு, வீட்டில் போருக்குப் போன பெரியவர்கள் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் வாத்தியார். தூக்கினேன். எந்த ஊர்ச் சண்டை என்றார். சைகோன் என்றேன். வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. "ஐ.என்.ஏ.வா? நேதாஜியப் பாத்திருக்காரா?" அவர் கேட்டதில் தப்பில்லை. 1945 ஆகஸ்ட் 17 அன்று நேதாஜி விமானம் ஏறியது சைகோனில்தான். தாத்தாவும் அப்போது அதே சைகோனில்தான் இருந்தார். என்ன, அந்த வருடம் மார்ச் 9-இல் ஜப்பான்காரர்கள் பிரெஞ்சுப் படையை நிராயுதபாணியாக்கி அடைத்து வைத்தார்களே, அந்த அடைப்புக்குள் இருந்தார். நேதாஜியின் கூட்டாளி அடைத்து வைத்த ஆள் எங்கள் தாத்தா. இதை வீட்டில் கேட்டுத் தெளிந்துகொண்டுபோய் மறுநாள் வாத்தியாரிடம் அப்படியே ஒப்பித்தேன். அதன்பிறகு கை தூக்கச் சொல்லும் வழக்கத்தையே அவர் விட்டுவிட்டார்.

சிரிப்புக்கு ஊர் சொன்ன காரணங்கள் பல. பென்ஷன் வந்த வாரம் பிராந்தி, வெயில் காலத்திலும் கோட்டு, குண்டு உருட்டி விளையாடும் பெத்தாங், வாயைத் திறந்தால் 'மெர்சி'. காரணம் அதுவல்ல. 1881-இல் ஒரு ஆணை வந்தது. சாதி வழக்கப்படியான சிவில் உரிமைகளைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்தவர்களில் பலர் ஊருக்கு வெளியே குடிசை போட்டிருந்தவர்கள். மாதா கோவிலுக்குள்ளேயே அவர்களைத் தனியாகப் பிரிக்கச் சுவர் வைத்திருந்த ஊர் இது. அந்தச் சுவர்ச் சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அப்படி எழுதிக் கொடுத்தவரின் பேரன், சைகோனுக்குப் போய் வெள்ளைக்காரச் சிப்பாயோடு ஒரே வரிசையில் நின்று, ஒரே மேசையில் சாப்பிட்டு, திரும்பி வந்து மாடி வீடு கட்டினால் ஊருக்கு எப்படி இருக்கும்? தன் வயலில் நாற்று நட்ட கிழவியின் மகன் வீட்டில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் பெத்தாங் விளையாட்டு அவ்வளவு கேலியாகத் தெரிந்தது. எல்லாச் சிரிப்பையும் இதில் சேர்க்க மாட்டேன். சில சொல்தாக்கள் நிஜமாகவே சிரிப்பாய்ச் சிரிக்கிற ஆட்கள்தான். ஆனால் குடிக்கிற மிராசுதாரைப் பார்த்து அதே ஊர் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

எதிர் வீட்டுத் தாத்தா மட்டும் சிரித்ததில்லை. அவர் பிரெஞ்சிந்திய விடுதலைக்காகப் போராடிச் சிறைக்குப் போனவர். 1972-இல் நாடு முழுவதும் தியாகிகளுக்குத் தாமிரப் பத்திரமும் மாதம் இருநூறு ரூபாய் பென்ஷனும் கொடுத்தார்களே, அதில் அவருக்கும் கிடைத்தது. சாயங்காலமானால் இரண்டு பேரும் எங்கள் திண்ணையில் பெலோத் ஆடுவார்கள். சைகோன் பட்டாளத்தில் பழகிய சீட்டாட்டம், தாத்தாதான் அவருக்குக் கற்றுக் கொடுத்தது. சீட்டுக்கு நடுவில் இப்படி ஓடும்.

"ஏம்ப்பா சொல்தா, அவன தொரத்துனதுக்கு எனக்கு எரநூறு. அவனுக்குத் தொணயா நின்னதுக்கு ஒனக்குக் கத்த கத்தயா. எந்த ஊரு ஞாயம்?"

"நீ ஜெயிச்சவன், ஒனக்குப் பத்திரம் குடுத்தாங்க. நான் தோத்தவன். எனக்கு நஷ்டஈடு. சீட்டப் போடு."

தோற்றவன் என்று தாத்தா சொன்னது விளையாட்டுக்கு மட்டுமல்ல. 1954 மே 7-இல் வியட்நாமில் தியன் பியன் ஃபூ விழுந்தது. அதே வருடம் அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு, வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். அங்கே துப்பாக்கியால் முடிந்தது இங்கே வாக்குச்சீட்டால் முடிந்தது. எங்கள் தெருவில் கழியைத் தூக்கிக்கொண்டு இணைப்புக் கோஷம் போட்ட பையன்களின் அண்ணன்மார்கள் சிலர், அதே கோஷத்தைத் தங்கள் மொழியில் போட்ட வியட்நாம்காரர்களுக்கு எதிரே துப்பாக்கி பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா வாய் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த தெருவில் சைகோன் ஆயா இருந்தாள், தாத்தாவின் பட்டாளத்துக் கூட்டாளி கட்டிக்கொண்டு வந்த வியட்நாம்காரி. புடவை கட்டி, எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டி, பண்டிகைக்கு அரிசித்தாளில் இறைச்சி சுற்றிப் பொரித்து நேம் கொடுத்தனுப்புவாள். நவம்பர் 11 அன்று கோட்டோடு போகிற தாத்தாவைத் தெருவில் நிறுத்தி டையைச் சரிசெய்து விடுவாள். அவள் மட்டும் ஒருநாளும் விழாவுக்கு வந்ததில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதுமில்லை.

1962-இல் எங்கள் வீடு இரண்டு நாடாகப் பிரிந்தது. உடன்படிக்கைப்படி, ஊரிலேயே பிறந்து ஊரிலேயே இருந்தவர்கள் ஆகஸ்ட் 16 முதல் இந்தியர்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் கொடுத்தார்கள். தாத்தா கொடுத்தார். சித்தப்பா கொடுத்துவிட்டு அடுத்த மாசமே பட்டாளத்தில் சேர்ந்து பாரீஸ் பக்கம் போய்விட்டார். அப்பாவுக்குப் புதுச்சேரி அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை. மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற யோசனையிலேயே ஆறு மாதம் போய்விட்டது. தேசபக்தியால் இந்தியரானவர்கள் நிறைய உண்டு. எங்கள் அப்பா தலைமை எழுத்தரை நினைத்து இந்தியரானார். ஒரே சமையலறை, இரண்டு பாஸ்போர்ட்டு. ஆயா இரண்டுக்கும் ஒரே குழம்புதான் வைத்தாள்.

இதற்கு நடுவே அம்மாவின் தம்பி மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். அந்த ரெஜிமெண்டின் தொடக்கம் 1758, கர்நாடகப் போரில் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு மோதிக்கொண்டிருந்த காலம். சம்பந்தி வீட்டு விருந்தில் மாமா இதைச் சொல்லித் தாத்தாவைச் சீண்டுவார். மாமா 1971 சண்டையைப் பார்த்தவர். அவருக்கான நாள் டிசம்பர் 7, கொடி நாள். பள்ளிக்கூடத்தில் உண்டியல் வரும், சில்லறை போட்டால் சட்டையில் ஒரு காகிதக் கொடி குத்துவார்கள், சாயங்காலத்துக்குள் கிழிந்துவிடும். கடற்கரைக் கோட்டு, ஊதுகொம்பு எதுவும் மாமாவுக்குக் கிடையாது. சுபேதாராக ஓய்வு பெற்ற அவர் பென்ஷனையும் சாதாரணச் சிப்பாயான தாத்தா பென்ஷனையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வைப்பார்கள்.

பென்ஷன் சும்மா வராது. வருஷத்துக்கொரு தடவை தாத்தா, தான் உயிரோடிருப்பதாக நிரூபிக்க வேண்டும். அதற்காகத் தூதரகத்துக்குப் போவார். சவரம், கோட்டு, பாலிஷ் போட்ட சப்பாத்து. மேசைக்கு முன்னால் போய்க் குதிகாலைச் சேர்த்து நின்று, பெயரைக் கூப்பிட்டதும் 'ப்ரேசான்' என்று ஒரு குரல் கொடுப்பார். கண்ணாடிச் சன்னல் அதிரும். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்துவார். செத்தவர்களுக்கு ஒரு நாள் மரியாதை, இருக்கிறவனுக்கு வருஷா வருஷம் சந்தேகம் என்று வெளியே வந்து சொல்வார். சொன்ன கையோடு பிராந்திக் கடை.

அவர் போனபோது முன்னாள் வீரர்கள் நாலு பேர் வந்து பெட்டிமேல் மூவர்ணக் கொடி போர்த்தினார்கள். நீலம் வெள்ளை சிவப்பு. குழிக்கு இறக்கும் முன் அழகாக மடித்து எடுத்துக்கொண்டார்கள், அடுத்தவருக்கு வேண்டுமே. "நல்ல துணி" என்றாள் ஆயா. அப்புறம் அவளுக்குப் பாதிப் பென்ஷன் வந்தது. அந்தப் பாதிக்காகத் தொண்ணூறு வயதுச் சொல்தாவுக்குக் கழுத்தை நீட்டிய பெண்கள் இந்த ஊரில் உண்டு என்பதைக் கதையாகச் சொல்வார்கள். அந்தப் பெண்கள் கிழவனுக்கு மலஜலம் எடுத்த வருஷங்களைக் கதையில் சேர்க்க மாட்டார்கள்.

இப்போது யாரும் சொல்தாவைப் பார்த்துச் சிரிப்பதில்லை. சொல்தாக்களே அநேகமாக இல்லை என்பது ஒன்று. இன்னொன்று, சொல்தா காகிதத்துக்கு வந்திருக்கும் மதிப்பு. பரணில் கரையான் தின்ற பட்டாளப் புத்தகம், பிறப்புப் பதிவு, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்த அந்த ஒற்றைத் தாள், இவைதான் பேரனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. குடியுரிமை என்றால் மாப்பிள்ளை விலை. தாத்தன் உயிரோடிருந்தபோது 'சொல்தா பரம்பரை' என்று பெண் கொடுக்க யோசித்த வீடுகள், 'நேஷனாலிட்டி உள்ள பையனா?' என்று தரகரிடம் முதல் கேள்வியாகக் கேட்கின்றன. தாத்தா பெயரில் பூசை வைப்பவர்களும் கூடிவிட்டார்கள். ஆனால் பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. ஐம்பது வருடம் வெளிநாட்டிலேயே இருந்து, பிரெஞ்சுக் குடிமகன் என்பதற்கான எந்த நடப்பும் காட்டாமல் இருந்த குடும்பம், அதற்குமேல் வந்து பரம்பரை உரிமையை நிரூபிக்க முடியாது. 1962-இலிருந்து எண்ணினால் 2012. அந்த வருடத்துக்கு அப்புறம்தான் எங்கள் உறவில் சிலருக்குத் தாத்தாமேல் பாசம் பொங்கியது. அதே 2012-இல் பிரான்சு இன்னொரு சட்டமும் போட்டது. 1922-இலிருந்து முதல் உலகப் போருக்கென்று இருந்த நவம்பர் 11, இனி நாட்டுக்காக உயிர்விட்ட எல்லாருக்கும் உரிய நாள். ஒரு கையால் கதவைச் சாத்தி மறு கையால் மலர்வளையம் நீட்டினார்கள் என்று சொன்னால் தூதரகத்தில் கோபித்துக்கொள்வார்கள். இரண்டு சட்டத்துக்கும் சம்பந்தமில்லைதான்.

போன வருடம் சித்தப்பா பேத்தி வந்திருந்தாள். பாரீஸில் வேலை. சட்டையில் சின்னதாக ஒரு நீலப்பூ குத்தியிருந்தாள். ஆங்கிலேயர்களுக்குச் சிவப்புப் பாப்பிப் பூ மாதிரி பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த நீலப்பூ. நம்மூர் வேலியில் நவம்பர் மழைக்கு நீலமாகப் பூக்கிறது சங்குப்பூதான். அதைப் பறித்துக் காட்டினேன், இதைவிட அழகு என்றாள். தெற்குப் பிரான்சில் போ என்ற ஊரில் படையினர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே எழுதிப்போட்டுத் தாத்தாவின் கோப்பை நகல் எடுத்து வந்திருந்தாள். நாங்கள் தாத்தாவோடு இருந்த அத்தனை வருடத்திலும் தெரியாததெல்லாம் அதில் இருந்தது. உயரம், மார்பளவு, இடது புருவத்துக்கு மேல் தழும்பு. தண்டனைகள் ஒன்றரைப் பக்கம். கம்பளியைத் தொலைத்தது, முகாமுக்குத் தாமதமாக வந்தது, மேலதிகாரியிடம் 'சிரித்தது'. வீரத்துக்கு நாலே வரி. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது அறுந்த தொலைபேசிக் கம்பியைத் தேடிப் போய் இணைத்தாராம்.

"அப்பவே எலெக்ட்ரீஷியனா பெரியப்பா?" என்றாள்.

வீட்டில் ஃப்யூஸ் போனால் இருட்டிலேயே உட்கார்ந்து ஆளனுப்பிக் காத்திருந்த மனிதரின் முகம் எனக்கு வந்து போனது. "தெரியாதும்மா. இங்க பல்பு மாத்திக்கூடப் பாத்ததில்ல."

அவள் தங்கியிருந்தது வெள்ளைக்காரத் தெருவில் பழைய பங்களாவை மாற்றிக் கட்டிய ஒரு விடுதி. வரவேற்பறையில், சீருடையில் ஒரு சொல்தாவின் பெரிய படம், மஞ்சள் விளக்குக்குக் கீழே. மீசையும் பதக்கமும் பளபளத்தன. உரிமையாளரின் தாத்தாவா என்று ஒரு வடநாட்டுத் தம்பதி கேட்டார்கள். ஆமாம் என்று மேலாளர் பெருமையோடு தலையாட்டினார். அவர்கள் மாடிக்குப் போனதும் என்னிடம், "சண்டே மார்க்கெட்ல வாங்குனது சார். ஃப்ரேம் தேக்கு" என்றார். யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கி எடைக்குப் போய், இன்னொருவர் வீட்டுத் தாத்தாவாகியிருக்கிறார். விடுதியில் அவருக்குத் தினமும் புது மல்லிகைச் சரம்.

பதினோராம் தேதி காலை நாங்கள் மூன்று பேரும் போனோம், நான், என் மனைவி, அந்தப் பெண். மழை விட்டிருந்தது. வழக்கம்போல இரும்புக் கதவு அன்றைக்குத் திறந்திருந்தது. சிவப்புக் கெப்பி போட்ட போலீஸ்காரர் வாசலில். அந்தத் தொப்பி மட்டும் 1954-க்கு அப்புறமும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டது. உள்ளே நாற்காலிகள். முன்பு கோட்டு வரிசை நின்ற இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். பதக்கக்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான், ஒருவர் சக்கர நாற்காலியில். தூதர், அதிகாரிகள், மலர்வளையங்கள், ஊதுகொம்பு. மௌனத்தின்போது வெளியே நடைபயிற்சிக்காரர் ஒருவர் கைபேசியில் சத்தமாகத் தேங்காய் விலை பேசிக்கொண்டு போனார். பிறகு இரண்டு கீதம். பள்ளிப் பிள்ளைகள் இரண்டையும் பிசிறில்லாமல் பாடினார்கள். யாருக்கும் எந்தப் பாட்டிலும் வாய் மெதுவாகவில்லை. முடிந்ததும் கூட்டம் அப்படியே திரும்பிக் கடலைப் பார்த்து செல்ஃபி எடுத்தது. சித்தப்பா பேத்தி கல்லின் பக்கம் போய்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். தாத்தா பேர் இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தேன். இருந்தாலும் கடைசி வரை வாசித்துப் பார்த்தாள்.

அங்கிருந்து நேரே வங்கிக்குப் போனேன். நானும் பென்ஷன்காரன், நம் அரசாங்கப் பள்ளியில் பாடம் நடத்தியவன். நவம்பர் முடிவதற்குள் நம் அரசாங்கத்துக்கும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். இங்கே கோட்டு வேண்டாம், குதிகால் சேர்க்க வேண்டாம். கவுண்டரில் இருந்த பெண் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வட்டத்துக்குள் முகம் வர வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டினேன். சிவப்புக் கோடு வந்தது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். சிமிட்டினேன். மறுபடி சிவப்பு. பின்னால் வரிசையில் ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டார்.

"இன்னொரு தடவை நல்லாச் சிமிட்டுங்க சார்" என்றாள் அந்தப் பெண். "உயிரோட இருக்கீங்கன்னு அது ஒத்துக்க மாட்டேங்குது."